திருகோணமலையைச் சுற்றிப் பழைய ஊர்கள்: ஓகஸ்டில் மூன்று நாள், எப்படிப் பிரிக்கலாம்?

வன்னிவெயில் கேட்டது:

ஓகஸ்ட் கடைசிக் கிழமை மூன்று நாள் திருகோணமலையில் நிற்கப் போறம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் நோ. பிள்ளைகள் இரண்டு பேர், 9, 13. சாரதியோட வான் பிடிச்சாச்சு. கோணேசர் கோயில், புறாத்தீவு, நிலாவெளிக் கடற்கரை எல்லாம் ஏற்கெனவே பார்த்தது. இந்த முறை பழைய ஊர்களுக்குத்தான் வாறம்: கன்னியா, வெல்கம் விகாரை, தம்பலகாமம், குச்சவெளி, திரியாய், மூதூர், சேருவில, வெருகல். போனில மப்பைப் போட்டுப் பார்த்தால் எதுவும் நகரத்தில இருந்து இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டேல்லை. இரண்டு நாளில முடிச்சுப்போட்டு மூன்றாம் நாள் ஓய்வெடுக்கலாம் எண்டு நினைக்கிறன்.

எது முதல், எது கடைசி? வெயிலுக்கு என்ன செய்யிறது? அம்மாவால ஏற ஏலாத இடம் எது? விபரம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

---

உவர்மலைப் பயணி எழுதியது:

இரண்டு நாளில் முடியாது. தூரம் பிரச்சினை இல்ல, நேரம்தான் பிரச்சினை. கோயில்கள் மதியத்தோடு நடை சாத்தினால் பின்னேரம் 4 மணிக்குக் கிட்டத்தான் திறக்கும். கல் உள்ள இடங்களில் 10 மணிக்கு மேல் வெறுங்காலை வைக்க ஏலாது. அப்போ ஒரு நாளில் உங்களுக்குக் கிடைக்கிறது காலை 6 முதல் 10 வரை, பின்னேரம் 4 முதல் 6 வரை, அவ்வளவுதான். மப் இதைச் சொல்லாது.

நீங்க சொன்ன ஊர்கள் எல்லாம் மூன்று திக்கில் கிடக்கு. வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை றோட்டு. மேற்கே அனுராதபுரம் றோட்டும் கண்டி றோட்டும். தெற்கே கிண்ணியா, மூதூர், மட்டக்களப்பு றோட்டு. ஒரு நாளைக்கு ஒரு திக்கு. திரியாயையும் தம்பலகாமத்தையும் ஒரே நாளில் சேர்த்தால் நகரத்துக்குள்ள வந்து திரும்பப் போகவே பகல் முடிஞ்சிடும்.

வடக்கு நாள்: காலை 5.45க்கு வெளிக்கிடுங்க. தூரத்தில் இருக்கிறதை முதலில் பாருங்க, அதாவது திரியாய். சுமார் 45 கிலோமீற்றர், வழியில் நிற்காட்டி ஒரு மணித்தியாலம் போதும். மலைக்குக் கல்படிகள்தான். உச்சியில் வட்டமாகத் தூண்கள் நிற்கிற தாதுகோபம் (பௌத்தத் தூபி), கிரிஹண்டு சேய என்பாங்க. ஊர்த் தமிழர் வாயில் அது கந்தசாமி மலை. சாரதி சிங்களப் பெயரில் தேடினால் விகாரையைக் காட்டும், தமிழ்ப் பெயரில் தேடினால் ஊரைக் காட்டும், இரண்டும் ஒரே புள்ளி இல்ல. பெரிய றோட்டில் இருந்து மலையடிக்கு உள்ளே போகணும். பஸ்ஸில் வாறவங்க சந்தியில் இறங்கி ஆட்டோ இல்லாமல் மாட்டுப்படுறது இங்கதான். உங்களுக்கு வான் இருக்கிறதால் கவலை இல்ல. அம்மா ஏற வேண்டாம். அடிவாரத்து மர நிழலில் கதிரை ஒன்றைப் போட்டு இருத்துங்க. மடக்குக் கதிரை ஒன்று வானில் கட்டாயம் இருக்கணும், மூன்று நாளும் உதவும்.

இறங்கி வரும் வழியில் குச்சவெளி. கடலோரம் ஒரு சின்னப் பாறைத் திட்டு. பாறையில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றும், வரிசை வரிசையாகச் சின்னத் தாதுகோபங்கள் செதுக்கிய பரப்பும் இருக்கு. அரை மணித்தியாலத்துக்கு மேல் தேவையில்ல. பத்தரைக்குள் நிலாவெளிக்கு வந்து சாப்பிட்டு நிழலுக்குள் போயிடுங்க. பின்னேரம் உப்புவெளிப் போர் மயானம், புல் வெட்டி நல்ல பராமரிப்பு, அம்மாவும் ஆறுதலாக நடக்கலாம்.

மேற்கு நாள்: கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நகரத்தில் இருந்து சுமார் 8 கிலோமீற்றர். கதவு திறந்த கையோடு போங்க, பிந்தினால் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து ஏழு கிணற்றடியிலும் வாளிக்குக் காத்திருக்கணும். டிக்கெட் இருக்கு, சில்லறை வைச்சிருங்க. ஏழு கிணறும் ஏழு சூடு. பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்த்துச் சூடு குறைந்ததில் தொடங்கட்டும். முதல் வாளி காலுக்கு, பிறகு தோளுக்கு, கடைசியாகத் தலைக்கு. வயது போனவங்க எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால் தலைசுற்றும். சவர்க்காரம், சம்பூ வேண்டாம், வழிஞ்சோடுற தண்ணி பக்கத்துக் கிணற்றடிக்கே போகும். எரிமலை என்று பிள்ளைகளிடம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இலங்கையில் எரிமலை இல்ல, ஆழத்துக்கு இறங்கிய மழைத்தண்ணி நிலத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வருது, அவ்வளவுதான். இராவணன் தாயின் கடனைக் கழித்த இடம் என்ற நம்பிக்கையில், இறந்தவங்களுக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்குக் குடும்பங்கள் வரும். அவங்களைப் படம் எடுக்காதீங்க, முதல் இடம் அவங்களுக்கு.

கன்னியாவில் இருந்து வெல்கம் விகாரை கிட்ட. அதைப் பற்றி இங்க நிலைக்கல் என்ற பெயரில் எழுதுறவர் வந்து சொன்னால் நல்லது, அவரது பாடம் அது.

மதியம் நகரத்துக்குத் திரும்பிப் படுங்க. மூன்றரைக்குக் கண்டி றோட்டால் தம்பலகாமம், சுமார் 24 கிலோமீற்றர். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது தப்பிய திருமேனிகளை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பது ஊர் மரபு, ஆதி கோணநாயகர் என்பது அதனால்தான். சாரதியிடம் வெறுமனே "கோணேசர் கோயில்" என்று சொன்னால் நகரத்துக் கோட்டைக்குள்ள இருக்கிற மலைக்கோயிலுக்குத்தான் கொண்டுபோவார், "தம்பலகாமம் கோயில்" என்று சொல்லுங்க. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றணும், வேட்டி இல்லாட்டிச் சாரம் ஒன்று கொண்டுபோங்க. கோயிலைச் சுற்றி வயல். ஓகஸ்டில் சிறுபோக அறுவடை நேரம் என்றால் றோட்டில் நெல் காயப்போட்டிருக்கும், வான் அதுக்கு மேலால் போகாமல் சாரதிக்குச் சொல்லி வையுங்க.

தெற்குப் பக்கம் எனக்குத் தெரிஞ்சதை விட, இங்க கொட்டியாரம் என்ற பெயரில் எழுதுறவருக்குத் தெரியும்.

---

நிலைக்கல் எழுதியது:

மேலே சொன்ன ஒழுங்கு சரி. ஒன்றைத்தான் மாற்றுவேன். இவ்வளவு பழைய கற்களைப் பார்க்க வாறவங்க கோட்டை வாசலைப் பார்க்காமல் போகக் கூடாது. "கோணேசர் ஏற்கெனவே பார்த்தது" என்கிறீங்க. அநேகம் பேர் வானில் இருந்தபடியே வாசலைக் கடந்து நேரே மலைக்குப் போயிடுவாங்க, கல்லைப் பார்த்திருக்க மாட்டாங்க.

பிரெடெரிக் கோட்டையின் நுழைவாசல் சுவரில் பழைய கோயிலின் நிலைக்கல் ஒன்று பதிஞ்சிருக்கு. "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்குகிற வெண்பாவின் (குளக்கோட்டன் மரபில் கோயில் திருப்பணி செய்த அரசன், பறங்கி போர்த்துக்கேயர்) சிதைந்த எழுத்துகள் அதில் இருக்கு, பாண்டியரின் இரட்டைக் கயலும் வாசலில் இருக்கு. கோயிலை இடித்த கல்லால் கட்டிய கோட்டையின் வாசலில், இடிக்கப்படும் என்று சொல்கிற பாட்டு! பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதை விட நல்ல வரலாற்றுப் பாடம் வேற இல்ல.

எழுத்து தேய்ந்துபோனது. உச்சி வெயிலில் நேராகப் பார்த்தால் வெறுங்கல்தான் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழணும், அப்போதான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். காலையும் பின்னேரமும் பார்க்கச் சொல்கிறது அதுக்குத்தான். நேரம் தப்பினால் போன் லைற்றைக் கல்லோடு ஒட்டினாற்போல் ஒரு பக்கத்தில் பிடிச்சு மெதுவாக நகர்த்துங்க, முன்னால் நின்று அடித்தால் பயன் இல்ல. சோக்குக் கட்டியால் எழுத்தை நிரப்பாதீங்க, தண்ணி, எண்ணெய் தடவாதீங்க. சோக்குத் தூள் துளைக்குள் இறங்கினால் வெளியே வராது, எண்ணெயில் தூசி பிடிச்சு அடுத்த வருடம் கறுத்துப் போகும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறதால் முகாம் கட்டடங்கள் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்க.

இன்னொன்று: 1950இல் கோட்டைக்குக் கிட்டக் கிணறு வெட்டும்போது கிடைத்த செப்புத் திருமேனிகள் இப்போ மலைக்கோயிலில் இருக்கு. தம்பலகாமத்துக்குப் போனவை ஒரு பங்கு, மண்ணுக்குள் ஒளித்தவை இன்னொரு பங்கு என்று வைத்துப் பார்த்தால் இரண்டு கோயிலும் ஒரே கதையின் இரண்டு முனை. அதனால் கோட்டையையும் தம்பலகாமத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கிறது நல்லது.

வெல்கம் விகாரை: இது சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி. பக்கத்துத் தமிழ்ச் சனம் நாதனார் கோயில் என்று சொன்ன இடம். பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கப் பசுவும் பணமும் கொடுத்த தமிழ்க் கல்வெட்டுகள் இங்க இருக்கு. சோழர் வந்த இடமெல்லாம் விகாரையை இடித்தார்கள் என்று ஒரு பக்கமும், இந்த மண்ணில் பௌத்தம் என்றால் சிங்களம் மட்டும்தான் என்று இன்னொரு பக்கமும் சொல்கிற பேச்சு இரண்டுக்கும் இந்தக் கல்லே பதில். செங்கல் தாதுகோபம், நிற்கிற புத்தர் சிலை, தூண்கள், எல்லாம் சமதரை, அம்மாவுக்குச் சுகம். மணல் நிலம், செருப்பைக் கழற்றினால் கொதிக்கும். தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம், அதைக் கழற்றச் சொல்ல மாட்டாங்க. நைலோன் காலுறை வேண்டாம், கல்லில் வழுக்கும். தொப்பியைக் கழற்றணும், தோளும் முழங்காலும் மூடணும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. செல்பி எடுக்கிற பிள்ளைகளுக்கு இதை வானுக்குள்ளேயே சொல்லிவிடுங்க.

திரியாயில் கல்வெட்டைத் தேடி நேரத்தை விடாதீங்க. பல்லவ கிரந்தத்துக்கு நெருங்கிய எழுத்தில் சமஸ்கிருதம், திரபுசர், பல்லிகர் என்ற வணிகர் பெயர் வரும். பாறையில் இருக்கிறதால் சாய்ந்த வெயில் இல்லாட்டிக் கண்ணுக்குப் பிடிபடாது. காவலாளியிடம் கேட்டால் காட்டுவார்.

---

கொட்டியாரம் எழுதியது:

தெற்கு றோட்டைப் பற்றி.

முதலாவது, மூதூர், சேருவில, வெருகல் மூன்றையும் ஒரே நாளில் செய்யலாம், ஆனா ஒழுங்கு முக்கியம். கடைசியில் இருக்கிற வெருகலுக்கு முதலில் போங்க. 5.30க்கு வெளிக்கிட்டால் ஏழரைக்குள் சித்திரவேலாயுதர் கோயிலடி. ஆற்றங்கரைக் கோயில், மகாவலியின் கிளை அது. ஓகஸ்ட் செப்டெம்பரில் திருவிழா வரும், உங்கட கிழமையில் விழுதா என்று முன்னமே கேட்டு வைங்க. விழுந்தால் வானை ஒரு கிலோமீற்றருக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லுவாங்க, அம்மாவுக்கு அந்த நடை சரிவராது. பிள்ளைகள் ஆற்றில் இறங்குறதென்றால் ஆட்கள் குளிக்கிற துறையில் மட்டும். தண்ணி அமைதியாகத் தெரிஞ்சாலும் அடியில் மணல் குழி, முதலையும் இல்லாமல் இல்ல.

திரும்பும் வழியில் சேருவில. பெரிய தாதுகோபம், விரிந்த முற்றம். ஒன்பதரைக்குள் முடிக்கணும், அதுக்குப் பிறகு முற்றத்துக் கல் அடுப்பு மாதிரி. போயா (பௌர்ணமி) நாளில் போகாதீங்க, பஸ்கள் நிரம்பி வழியும்.

கிளிவெட்டிப் பக்கம் கங்குவேலியில் அகத்தியர் தாபனம் என்று பழைய சிவன் கோயிலின் சிதைவு இருக்கு. அதை நீங்க பட்டியலில் போடல, நானும் போடச் சொல்ல மாட்டேன். யானை நடமாட்டம். உள்ளூர் ஆள் துணை இல்லாமல் சின்னப் பிள்ளைகளோட போற இடம் இல்ல.

மூதூருக்குப் பதினொன்றுக்குள் வரலாம். இங்க பார்க்கிறதுக்குக் கட்டடம் இல்ல, ஆனா கதை இருக்கு. பாய்மரம் முறிஞ்ச ஆன் என்ற கப்பலைத் திருத்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலேயர்தான் ரொபட் நொக்ஸ். 1660இல் கண்டி அரசன் ஆட்கள் பிடிச்சுக்கொண்டு போனாங்க, 19 வருடம் கழிச்சுத்தான் தப்பினார். பிடிபட்ட இடம் என்று சொல்லப்படுற புளியமரத்தடியில் நினைவுக்கல் ஒன்று வைச்சாங்க. பெரிய மரம் ஒன்றை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். பத்து நிமிடம் நின்றுவிட்டுக் குடாக்கரைக்குப் போங்க. எதிர்க்கரையில் கோணேசர் மலை தெரியும், கப்பல் ஏன் இந்தக் குடாவைத் தேடி வந்தது என்று அங்க நின்றால் விளங்கும்.

வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வாறதென்றால் பன்னிரண்டுக்கு முன் சாப்பாட்டை முடிங்க. ஜும்ஆ நேரம் மூதூரிலும் கிண்ணியாவிலும் கடைகள் பூட்டு, ஒன்றரைக்குப் பிறகுதான் திறப்பாங்க. அம்மா சைவம் என்றால் நகரத்திலேயே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாங்க. புளிச்சாதம் மூன்று மணி வரை கிடக்கும், தேங்காய்ப்பால் சேர்ந்த கறி இந்த வெயிலில் மதியத்துக்கு முன்னமே பழுதாகும்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர், திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம். அதுக்கு முன் பாதையில் (வாகனம் ஏற்றுற மிதவையில்) ஏற்றித்தான் வாகனம் கடக்கும். பழைய பயணக் குறிப்புகளில் "பாதைக்கு இரண்டு மணித்தியாலம் நில்" என்று இருந்தால் அது அந்தக் காலத்துக் கணக்கு.

பொழுதுபட முன் நகரத்துக்குள் போயிடணும். கந்தளாய்க்குப் போற அல்லை றோட்டைச் சாரதி குறுக்கு வழி என்று எடுத்தால் ஐந்து மணிக்குப் பிறகு சம்மதிக்காதீங்க. யானை.

---

வன்னிவெயில் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்ப மூன்று நாளும் மூன்று திக்கு, சரி. கோட்டை வாசலை மேற்கு நாள் பின்னேரம், தம்பலகாமத்துக்கு முன்னம் பார்க்கலாமோ? மற்றது, எவ்வளவு தண்ணி ஏத்த வேணும்? பிள்ளைகள் தயிர் கேட்கினம், அதை யாழ்ப்பாணம் வரை கொண்டு போகலாமோ?

---

உவர்மலைப் பயணி எழுதியது:

மேற்கு நாள் பின்னேரம் இடிபடும். முதல் நாள் காலையில் ஆறு மணிக்கு வாசல், பிறகு வடக்கு என்று நினைக்கலாம், ஆனா திரியாய் ஒரு மணித்தியாலம் பிந்தும், மலை சுடும். கோட்டையை நீங்க வந்து சேர்ற நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு வைங்க. வாசலில் இறங்கி, கல்லைப் பார்த்து, அம்மாவை வானில் மேலே அனுப்பிட்டு நீங்க பிள்ளைகளோட நடந்து ஏறுங்க. கோட்டைக்குள்ள திரியிற மான்களுக்குக் கச்சான் (நிலக்கடலை) போடாதீங்க. கச்சான் பையையும் சேர்த்து விழுங்குதுகள், பிளாஸ்டிக் வயிற்றில் அடைச்சுச் சாகுதுகள்.

தண்ணி ஆளுக்கு அரை நாளுக்கு ஒன்றரை லீற்றர். ஐந்து பேருக்கு, சாரதியையும் சேர்த்து, காலைக்கு எட்டு லீற்றர் வானில் இருக்கணும். பெரிய போத்தல் ஒன்றும் ஆளுக்கு ஒரு சின்னப் போத்தலும் நல்லது. வெயிலில் நிற்கிற வானுக்குள் தண்ணி வெந்நீராகும், அரிசிச் சாக்கை நனைச்சுப் போத்தலைச் சுற்றினால் இரண்டு மணித்தியாலம் குளிர்ச்சி நிற்கும். வியர்வை கூடினால் வெறுந்தண்ணி மட்டும் போதாது. ஜீவனிப் பக்கெட் (தண்ணியில் கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) இரண்டு மூன்று வைச்சிருங்க, ஒரு பக்கெட்டுக்குச் சரியாக ஒரு லீற்றர், பிள்ளைகள் என்று அரை லீற்றரில் கரைக்காதீங்க. வழியில் செவ்விளநீர் கிடைக்கும்.

ஓகஸ்ட் கடைசியில் சூரியன் இந்த அகலக்கோட்டுக்கு நேர் மேலே வரும், மதியம் உங்கட நிழல் காலடிக்குள் ஒளிஞ்சிடும். தொப்பியை விடக் குடை உதவும், விகாரை முற்றத்தில் தொப்பியைக் கழற்றணும் என்பதையும் யோசிங்க. கச்சான் காற்றும் வீசும். இது விழுங்குற கச்சான் இல்ல, மேற்கால் வாற காய்ந்த காற்று. வியர்வை உடனே உலர்றதால் தாகம் தெரியாது, அதனால் தாகத்தைப் பார்க்காமல் மணித்தியாலத்துக்கு ஒருமுறை குடிக்க வைங்க.

---

கொட்டியாரம் எழுதியது:

தயிரைப் போற நாள் காலையில் வாங்குங்க, சுற்றித் திரிகிற நாளில் இல்ல. எருமைத் தயிர்ச் சட்டி சூட்டில் நாலைந்து மணித்தியாலம் கிடந்தால் தண்ணி விட்டுப் புளிச்சிடும். வாங்கும்போது சட்டியை லேசாகச் சரிச்சுப் பாருங்க. தயிர் சட்டியோட ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கணும், ஓரத்தில் மஞ்சள் தண்ணி கசிஞ்சால் நேற்றையது. கட்டின கடதாசியை அவிழ்க்காதீங்க. வானின் பின்பக்கத்தில் வைச்சால் குலுங்கி உடையும், பிள்ளைகளின் காலடியில் இரண்டு சீற்றுக்கு நடுவில் துவாயைச் சுருட்டி வட்டமாக வைச்சு அதுக்குள்ள இருத்துங்க. ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கக் கூடாது, அடிச் சட்டி வெடிக்கும்.